ஃபுல் பவர் இடித்த மேசை

ஆக்லாந்தில் ஏதாவது ஒரு தமிழ் வீட்டில் கம்ப்யூட்டர் கண்ணை மூடாமல் விழித்திருந்தால், அதற்குக் காரணம் ஒரே ஒரு மனிதர்தான். நான் எண்ணியவரை முப்பத்தேழு வீடுகள். எண்ணாமல் விட்டது எத்தனையோ.

அவருக்கு ஒரு பெயர் இருந்திருக்க வேண்டும். பெயரில்லாத ஆளுக்கு யாரும் பஸ்ஸைக் கொடுத்து ஓட்டச் சொல்ல மாட்டார்கள். ஆனால் எங்களுக்கு அவர் ‘ஃபுல் பவர்’. எங்கள் வானொலிக் குழுவின் கூட்டக் குறிப்பில்கூட ‘திரு. ஃபுல் பவர் ஆட்சேபித்தார்’ என்றுதான் எழுதினோம். ஒரு கல்யாணப் பத்திரிகையே ‘திரு. திருமதி ஃபுல் பவர்’ என்று விலாசமிட்டு வந்தது. அவர் அதைக் குறையாக எடுத்துக்கொள்ளவில்லை. திருமதிதான் எடுத்துக்கொண்டார்.

யாழ்ப்பாணத்துக்காரர். நார்த் ஷோரில் பஸ் ஓட்டினார். கம்ப்யூட்டர் படித்தவர் இல்லை. ஈமெயில் அனுப்பத் தெரியாது. ஆனால் கம்ப்யூட்டருக்குள் ‘பவர் ஆப்ஷன்ஸ்’ என்று ஒரு பக்கம் இருப்பதை யாரோ ஒரு நாள் அவருக்குக் காட்டிவிட்டார்கள். அதன் பிறகு வேறு எந்தப் பக்கத்தையும் அவர் ஏறெடுத்துப் பார்த்ததில்லை.

அந்தப் பக்கத்தில் மூன்று திட்டங்கள் இருக்கும். முதலாவது பவர் சேவர்: மின்சாரத்தை மிச்சம் பிடிக்கும், மெல்ல நடக்கும், ஐந்து நிமிடம் யாரும் தொடாவிட்டால் திரையை அணைக்கும், பதினைந்து நிமிடம் தொடாவிட்டால் முழுசாகத் தூங்கிவிடும். இரண்டாவது பேலன்ஸ்டு: இரண்டுங்கெட்டான். மூன்றாவது ஹை பெர்ஃபார்மன்ஸ்: முழு வேகம். ஃபுல் பவர் மூன்றாவதன் பக்தர். அதோடு நிற்க மாட்டார். ‘எப்போது தூங்கலாம்?’ என்று கேட்கும் கட்டத்தில் ‘ஒருபோதும் இல்லை’ என்று வைப்பார். ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் தண்ணீர் குடிப்பதற்கு முன் இந்த இரண்டு வேலையும் முடிந்திருக்கும்.

ஒருமுறை கிளென்ஃபீல்டில் ஒரு அந்தியேட்டி வீட்டுக்குப் போயிருந்தோம். தகப்பன் போய் முப்பத்தொரு நாள். மகன் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தான். ஃபுல் பவர் போய் அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

“தம்பி, அப்பா நல்ல மனுசன். தங்கமான மனுசன்.”

“ஓம் அங்கிள்.”

“அவரின்ரை கம்ப்யூட்டர் எங்கை?”

“உள் அறையிலை கிடக்கு.”

“என்ன பிளானிலை ஓடுது?”

பையன் உடைந்து அழுதான். ஃபுல் பவர் அவன் முதுகைத் தடவினார். “அழாதையும். ரெண்டு நிமிச வேலைதான்.”

இந்த வெறி எங்கிருந்து வந்தது என்று நான் ஒரு நாள் கேட்டேன். அவர் சொன்ன பதில் இது:

“ஐயா, எங்கட ஊரிலை சண்டைக் காலத்திலை பெற்றோல் இல்லை. வாகனம் மண்ணெண்ணெயிலைதான் ஓடும். ஆனா ஸ்டார்ட் பண்ண மட்டும் நாலு சொட்டுப் பெற்றோல் வேணும். அந்த நாலு சொட்டை மருந்துப் போத்திலுக்கை வச்சுக் காப்பாத்துவம். ஒருக்கா ஸ்டார்ட் வந்தா நிப்பாட்ட மாட்டம். நிப்பாட்டினா மற்ற நாலு சொட்டுக்கு ஆரிட்டைப் போறது?”

“அதுக்கும் கம்ப்யூட்டருக்கும் என்ன சம்பந்தம்?”

“ஓடுறதை நிப்பாட்டக் கூடாது. அதுதான் சம்பந்தம்.”

என்னைப் பற்றி இரண்டு வரி. திருச்சியில் ரயில்வே நேர அட்டவணைப் பிரிவில் முப்பத்துநான்கு வருடம் இருந்தேன். அதன் பிறகு கிளென்ஃபீல்டில் மகன் வீடு. வாசலிலிருந்து மால் வரை ஆயிரத்து நூற்று நாற்பத்தாறு அடி. மழை பெய்தால் குட்டைகளைச் சுற்றிப் போவதில் பதினெட்டு அடி கூடும். வாரத்துக்கு நூற்று அறுபத்தெட்டு மணி நேரம். அதில் நூற்று அறுபத்தேழு மணி நேரம் நான் மகன் வீட்டில் வழியில் நிற்கும் ஒரு கிழவன். மிச்சம் ஒரு மணி நேரம் எனக்கு ஒரு பதவி இருந்தது.

ஞாயிறு காலை பத்திலிருந்து பதினொன்று வரை, உள்ளூர் வானொலி நிலையம் ஒன்று தமிழர்களுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கியிருந்தது. எங்கள் கராஜில் ஒரு மேசைக் கம்ப்யூட்டர், ஒரு மைக். அங்கிருந்து நிகழ்ச்சி இணையம் வழியாக நிலையத்துக்குப் போகும், நிலையத்திலிருந்து காற்றில் போகும். நான் நேரக் காப்பாளர். கையில் ஸ்டாப்வாட்ச். நான் விரலை உயர்த்தினால் பேராசிரியர்கள் பேச்சை முடித்தார்கள். என் மருமகள்கூட அந்த ஒரு மணி நேரம் கராஜுக்குள் கதவைத் தட்டிவிட்டு வந்தாள்.

நிகழ்ச்சியை நடத்த ஒரு குழு. யாழ்ப்பாணத்தார் மூவர், தமிழ்நாட்டார் மூவர், மலேசியர் மூவர். ஆக ஒன்பது பேர், பதினோரு கருத்து.

முதல் விபத்து ஒரு பேராசிரியரின் சொற்பொழிவில் நடந்தது. தமிழரின் விழிப்புணர்வு என்பது தலைப்பு. அவர் பேசிப் பதிவு செய்த இருபத்திரண்டு நிமிடப் பேச்சை ஓடவிட்டு நாங்கள் கைகட்டிக் கேட்டுக்கொண்டிருந்தோம். யாரும் மவுஸைத் தொடவில்லை. கம்ப்யூட்டர் தூங்கிவிட்டது. ஏதாவது ஓடிக்கொண்டிருந்தால் கம்ப்யூட்டர் தூங்காது என்று பொதுவாகச் சொல்வார்கள். ஆனால் நிகழ்ச்சியை அனுப்ப எங்களிடம் இருந்தது ஒரு பழைய மென்பொருள். தான் வேலை செய்வதை மேலிடத்துக்குத் தெரிவிக்காத ஊழியனைப் போல அது பாட்டுக்கு ஓடும், கம்ப்யூட்டருக்குத் தெரியாது. நாற்பத்தொரு விநாடி மௌனம். ஒரு நேயர் போன் செய்து, பேராசிரியர் பேச்சில் அந்த இடம்தான் மனத்தைத் தொட்டது என்றார்.

நிலையத்துக்கு அப்படித் தோன்றவில்லை. கடிதம் வந்தது. ஒரு வருடத்தில் பத்து விநாடிக்கு மேற்பட்ட மௌனம் மூன்று முறை நேர்ந்தால் அந்த ஒரு மணி நேரம் காத்திருக்கும் வேறொரு சமூகத்துக்குப் போய்விடும். கடிதத்தில் ‘நோ வொரிஸ்’ என்று இரண்டு இடத்தில் இருந்தது. ஒரு கடிதத்தில் இரண்டு ‘நோ வொரிஸ்’ இருந்தால் கட்டாயம் கவலைப்பட வேண்டும் என்பது இந்த நாட்டில் நான் கற்ற பாடம்.

உடனே குழு கூடியது. கம்ப்யூட்டரை எந்தத் திட்டத்தில் ஓட்டுவது என்று வாக்கெடுப்பு. உலகத்தில் வேறெங்காவது இதற்கு வாக்கெடுத்திருப்பார்களா, தெரியாது.

“ஃபேனை ஆஃப் பண்ணாம நான் ரூமை விட்டு வெளிய வந்ததே இல்ல சார்,” என்றார் செயலாளர் வசந்தா அம்மா. சென்னைக்காரர். “பவர் சேவர் போதும். தூங்குற நேரத்த மட்டும் கொஞ்சம் தள்ளி வைங்க.”

“அக்கா, பஸ்ஸை மூண்டாம் கியரிலை வச்சுக்கொண்டு மோட்டர்வேக்கு ஏறேலாது,” என்றார் ஃபுல் பவர்.

தலைவர் மலேசியாவில் ஈப்போக்காரர். சண்டை என்றால் அவருக்கு ஆகாது. “ஏன்லா சத்தம்? நடுவுல உள்ளத வையுங்க. யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க.”

“தலைவர், இது மேடையிலை ஆருக்கு எந்தக் கதிரை எண்ட பிரச்சினை இல்லை. மெஷின்!”

வாக்கு மூன்று, மூன்று, மூன்று. தலைவர் தன் சிறப்பு வாக்கை நடுவுக்குப் போட்டார். தூங்கும் நேரத்தையும் பேச்சுவார்த்தை நடத்தி நாற்பது நிமிடம் என்று வைத்தார்கள்.

பேலன்ஸ்டு திட்டம் கம்ப்யூட்டரைத் தூங்கவிடவில்லை, உண்மை. மைக் சொருகியிருந்த துளையைத் தூங்க வைத்தது. சும்மா இருக்கும் துளைக்கு எதற்கு மின்சாரம் என்று அது அணைத்துவிட்டதாம். நான்காவது ஞாயிறு, செய்தி வாசிக்க மைக் முன் உட்கார்ந்த வசந்தா அம்மா இருபத்தேழு விநாடி வாயசைத்தார். ஒரு சொல்லும் வெளியே போகவில்லை.

இரண்டு மௌனம். இன்னும் ஒன்று என்றால் போயிற்று. அந்த வாரம் ஸ்டாப்வாட்சை நான் இருபத்தாறு முறை துடைத்தேன்.

இப்போது குழு ஒருமனதாக ஃபுல் பவரிடம் சரணடைந்தது. அவர் வந்தார். எல்லாக் கட்டத்திலும் ‘ஒருபோதும் இல்லை’. மைக் துளைக்கும் விடுமுறை ரத்து. கம்ப்யூட்டரின் மூளை வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் நூற்றுக்கு நூறு வேகத்தில் ஓடியது. விசிறி போட்ட இரைச்சலில் “உங்க ஸ்டூடியோவுல மழையா?” என்று நேயர்கள் கேட்டார்கள். ஆக்லாந்தில் அது நியாயமான சந்தேகம்தான். பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றிவிட்டு எதிரே ஒரு மேசை விசிறியையும் வைத்தார். அதற்குப் பிறகு புயலா என்று கேட்டார்கள்.

குளிர்காலம் முழுவதும் வீட்டிலேயே கதகதப்பான இடம் கராஜ்தான். மருமகள் கம்ப்யூட்டர் முன்னால் கயிறு கட்டிக் காலுறைகளைக் காயப்போட்டாள், பதினான்கு ஜோடி வரை. மீட்டரில் சிமிட்டும் சிவப்பு விளக்கை நான் எண்ணினேன். முன்பு நிமிடத்துக்கு ஒன்பது. இப்போது பதினாறு. மனம் அடித்துக்கொண்டது. ஆனால் மௌனம்? பூஜ்யம். நிகழ்ச்சி ஓடியது. நானும் விரலை உயர்த்திக்கொண்டிருந்தேன்.

அவர் மாற்றியதிலிருந்து தொண்ணூற்றேழாம் நாள் சரஸ்வதி பூசை வந்தது. ஞாயிற்றுக்கிழமை.

கருவிகளைப் படைத்துவிட்டால் மறுநாள் விஜயதசமி காலைவரை தொடக்கூடாது. வசந்தா அம்மா இதில் இரும்பு. நிகழ்ச்சிக்கே அன்னமிடும் கம்ப்யூட்டரைப் படைக்காமல் என்ன பூசை என்றார். ஃபுல் பவர் பதறிப்போனார்.

“படைக்கலாம் அக்கா. நல்லாப் படைக்கலாம். ஆனா நிப்பாட்ட ஏலாது.”

“நிறுத்த வேணாம். யாரும் தொடக்கூடாது. அவ்வளவுதான்.”

அப்படித்தான் முடிவாயிற்று. ஒரு மணி நேர நிகழ்ச்சியையும் முன்பே பதிவு செய்து ஒரே கோப்பாக்குவது. சரியாகப் பத்து மணிக்கு ஃபுல் பவர் அமுக்குவார். அடுத்த நொடி பூசை. அதன் பிறகு ஒரு விரல் படாது.

“ஒரு மணி நேரம் தொடாம விட்டா அது தூங்காதாலா?” என்று தலைவர் கேட்டார்.

“ஒரு யுகம் விட்டாலும் நித்திரை கொள்ளாது. சரஸ்வதி அம்மாளுக்கு முன்னாலை சொல்லுறன்.”

ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு அவர் வந்து எல்லாக் கட்டத்தையும் சரிபார்த்தார். பிறகு வேட்டி மாற்ற உள்ளே போனார். பத்து மணிக்கு இன்னும் எட்டு நிமிடம். கராஜில் நானும் கம்ப்யூட்டரும் மட்டும்.

விசிறி இரைந்துகொண்டிருந்தது. தொண்ணூற்றேழு நாள். இரண்டாயிரத்து முந்நூற்று இருபத்தெட்டு மணி நேரம். இன்று கத்தரிக்கோலுக்கும் சுத்தியலுக்கும்கூட ஓய்வு. இதற்கு மட்டும் ஏன் இந்தத் தண்டனை என்று தோன்றியது. அதன் மேற்புறத்தைத் தொட்டேன், சுட்டது. எனக்கும் அந்தப் பக்கம் எங்கே இருக்கிறது என்று தெரியும். ஃபுல் பவர் செய்வதை எத்தனை தடவை பார்த்திருக்கிறேன். பவர் சேவரை அமுக்கினேன். ஐந்தே நிமிடம், பிறகு மாற்றிவிடலாம் என்று. விசிறி சட்டென்று அடங்கியது. அந்தப் பெட்டி மூச்சு விட்டது போலிருந்தது.

“ஐயா, சுண்டல் கப் எத்தனைன்னு எண்ணிச் சொல்லுங்களேன்!” என்று சமையலறையிலிருந்து வசந்தா அம்மா கூப்பிட்டார்.

எண்ணச் சொன்னால் நான் போகாமல் இருக்க முடியுமா? எண்ணினேன், இருபத்திரண்டு. சரிபார்க்க மறுபடி எண்ணினேன், இருபத்து மூன்று. இரண்டு கப் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. மூன்றாம் முறை எண்ணி முடித்தபோது மணி பத்து.

ஓடி வந்தேன். அதற்குள் ஃபுல் பவர் அமுக்கிவிட்டிருந்தார். “இண்டைக்கு விசிறி எவ்வளவு அமைதியாக் கிடக்கு, பாத்தியளோ? அம்மாளின்ரை அருள்,” என்று கண்ணில் ஒற்றிக்கொண்டார். வசந்தா அம்மா திரையின் நெற்றியில் சந்தனமும் குங்குமமும் இட்டார். கீபோர்டுக்குப் பட்டுத் துண்டு. மவுஸின் முதுகில் ஒரு சாமந்திப்பூ. எனக்குள் ஏதோ உறுத்தியது. எதையோ எண்ணாமல் விட்டுவிட்டேன். எதை?

கற்பூரம் ஏற்றினார்கள். ஒன்பது பேரும் கைகூப்பினார்கள். ஸ்டாப்வாட்சில் ஐந்தாவது நிமிடம். கற்பூரத் தட்டு திரைக்கு முன்னால் மேலே போகும்போது திரை அணைந்தது.

“சரஸ்வதி கண்ணை மூடிட்டா,” என்றார் வசந்தா அம்மா மெய்சிலிர்த்து.

ஃபுல் பவர் முகத்தில் ரத்தம் வற்றியது. என் முகத்திலும். நிகழ்ச்சி இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அணைந்தது திரை மட்டும். ஆனால் என்ன நடக்கப்போகிறது என்பது எங்கள் இரண்டு பேருக்குமே தெரியும்.

“தலைவர்,” என்றார் அவர் மெல்ல. “இது பவர் சேவரிலை கிடக்கு. இன்னும் பத்து நிமிசத்திலை நித்திரையாப் போகும்.”

“அப்ப மவுஸ ஆட்டுங்கலா!”

“தொடக்கூடாது!” வசந்தா அம்மா குறுக்கே நின்றார். “பொட்டு வச்சாச்சு, பூ வச்சாச்சு. இனிமே தொட்டா நாளைக்கு எந்த முகத்தோட விஜயதசமி கும்பிடுவோம்?”

“மூணாவது மௌனம்னா நிகழ்ச்சியே இல்லக்கா!” என்றார் தலைவர்.

“சாமியே இல்லாம நிகழ்ச்சி எதுக்கு?”

பக்கத்துக்கு நான்கு பேர் சேர்ந்துகொண்டார்கள். நான் எந்தப் பக்கமும் இல்லை. ஏழாவது நிமிடம். எட்டாவது. என் ஒரு மணி நேரம் என் கண் முன்னால் தூங்கப்போய்க்கொண்டிருந்தது. அதற்குத் தாலாட்டியவன் நான்.

அப்போது ஃபுல் பவர் கேட்டார். “அக்கா, மேசையைப் படைச்சனீங்களோ?”

வசந்தா அம்மா மேசையை உற்றுப் பார்த்தார். நான்கு கால்களையும் குனிந்து பார்த்தார். நேர்மையான பெண்மணி. “மேசைக்குப் பொட்டு வைக்கல,” என்றார்.

“அப்ப இடிக்கலாமோ?”

“பொட்டு வைக்காதத இடிக்கலாம்.”

ஃபுல் பவர் வேட்டியை மடித்துக் கட்டினார். இடுப்பால் மேசையை ஓர் இடி. சாமந்திப்பூவோடு மவுஸ் அரை அங்குலம் நகர்ந்தது. திரை பளிச்சென்று விழித்தது. ஒன்பதாவது நிமிடம்.

“மெதுவா! விளக்கு, விளக்கு!”

“பிரேக் பிடிக்கிற மாதிரித்தான் இடிக்கிறன் அக்கா. நிண்டுகொண்டு வாற சனம் விழாது.”

அதன் பிறகு நான்கு நிமிடத்துக்கு ஒரு முறை நான் விரலை உயர்த்தினேன், அவர் இடித்தார். தலைவர் குத்துவிளக்கைப் பிடித்துக்கொண்டார். வசந்தா அம்மா படத்தைப் பிடித்துக்கொண்டார். மற்றவர்கள் சுண்டலை, வெற்றிலைத் தட்டை, ஒயரைப் பிடித்துக்கொண்டார்கள். எங்கள் குழு ஒற்றுமையாக ஒரு காரியம் செய்தது அந்த ஒரு நாள்தான். ஐம்பத்தேழாவது நிமிடத்தில் கடைசி இடி. மொத்தம் பதின்மூன்று. மௌனம், பூஜ்யம் விநாடி.

பதினொரு மணிக்கு நிகழ்ச்சி முடிந்ததும் தலைவர் விளக்கைக் கீழே வைத்தார். “யாருலா மாத்துனது?”

கராஜ் சாவி என்னிடம். பூசைக்கு முன் அங்கே தனியாக இருந்தவனும் நான்தான். வாயைத் திறந்தேன். ஃபுல் பவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. ஸ்டாப்வாட்ச் பிடித்திருந்த என் கையைப் பார்த்தார். நிகழ்ச்சி முடிந்தும் அதை நான் நிறுத்தியிருக்கவில்லை.

“நான்தான் தலைவர்,” என்றார். “வேட்டி மாத்துற அவசரத்திலை கை மாறி அமத்திப்போட்டன்.”

தலைவர் அவரையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கராஜே அதிரும் சிரிப்பு. ஃபுல் பவரே பவர் சேவர் போட்டுவிட்டாராம்! ஆக்லாந்தின் வடக்கே ஆல்பனியிலிருந்து தெற்கே மனுகாவ் வரை செய்தி அன்று மாலைக்குள் போய்விட்டது. போகிற இடமெல்லாம், “அண்ணை, எங்கட வீட்டுக் கம்ப்யூட்டரிலை கை வச்சிடாதேங்கோ” என்று கும்பிட்டார்கள். நான்கு மாதம் எங்கள் கராஜைத் தவிர அவர் யார் வீட்டுக்கும் போகவில்லை.

மறுநாள் விஜயதசமி. காலை ஆறரைக்கு பஸ் சீருடையோடு வந்தார். கம்ப்யூட்டரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, முதல் வேலையாக மூன்றாவது திட்டத்துக்கு மாற்றினார். விசிறி இரைந்தது.

“நேத்து அது நான்தான்...” என்று ஆரம்பித்தேன்.

“தெரியும் ஐயா. நீங்கள் அந்த மெஷினுக்கு இரக்கப்பட்டனீங்கள். அது பிழையில்லை. அடுத்த முறை எனக்குச் சொல்லிப்போட்டு இரக்கப்படுங்கோ.”

“எதுக்கு உங்க தலைல போட்டுக்கிட்டீங்க?”

“எனக்குக் கிழமைக்கு அஞ்சு நாள் பஸ் கிடக்கு. உங்களுக்கு உந்த ஒரு மணித்தியாலம்தானே.”

அவர் மகளோடு பிரிஸ்பேனுக்குப் போகும்வரை குழுவில் யாரிடமும் இதைச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. இன்னும் நான்கு வருடம், இருநூற்று மூன்று ஞாயிறு, விரலை உயர்த்தினேன். ஆகவே முப்பத்தேழு வீட்டாரும் இப்போது தெரிந்துகொள்ளுங்கள்: பவர் சேவரை அமுக்கியவன் நான். அவர் கை ஒரு நாளும் மாறியதில்லை.

இதையும் ஒரு மேசைக் கம்ப்யூட்டரில்தான் எழுதுகிறேன். அவர் வைத்துவிட்டுப் போன அதே திட்டம், எல்லாக் கட்டத்திலும் ‘ஒருபோதும் இல்லை’. இது தூங்காது, எனக்குத் தெரியும். ஆனாலும் நான்கு நிமிடத்துக்கு ஒரு முறை என் முழங்கால் மேசையை மெல்ல இடிக்கிறது. இந்தக் கட்டுரை முடிவதற்குள் நாற்பத்தொரு முறை.